கதைக்கு உதவி வேணும்: 1950-க்கு போன காலப்பயணி பயாலஜி வாத்தியார் போர்டுல 46-ன்னு எழுதுவாரா, 48-ன்னு எழுதுவாரா?

#1 பாதி_கதை

வணக்கம் மக்களே. ஆறு மாசமா ஒரு கதை எழுதிட்டு இருக்கேன், பேருக்கு ஏத்த மாதிரி பாதியில நிக்குது. ஹீரோ நம்ம காலத்து ஆளு. 1950-க்கு போய் ஒரு ஹைஸ்கூல்ல பயாலஜி வாத்தியாரா மறைஞ்சு இருக்கார். எதுக்கு போனார் எப்படி போனார்ங்கிறது தனி தலைவலி, அத இப்ப கேக்காதீங்க. ஊர் பேரும் வைக்கல, எந்த ஊரா இருந்தாலும் இந்த சிக்கல் ஒண்ணு தான்.

சிக்கல் என்னன்னா பத்தாங்கிளாஸ் பாடத்துல மனுஷ செல்லுக்குள்ள எத்தனை குரோமோசோம் (மரபணுவை சுமக்கிற நூல் மாதிரி சமாச்சாரம்)னு வருது. நமக்கு 46, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆனா 1950-ல உலகத்துல எந்த புத்தகத்தை திறந்தாலும் 48. 1923-ல தியோஃபிலஸ் பெயின்டர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி எண்ணி சொன்ன கணக்கு அது, முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே ஓடிச்சு. 1955 கடைசியில தான் ஸ்வீடன்ல லுண்ட்ங்கிற ஊர்ல ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணி பாத்து 46 தான்னு கண்டுபிடிக்கிறாங்க, பேப்பர் வந்தது 1956-ல.

இப்ப என் ஆளு சாக்பீஸோட போர்டு முன்னாடி நிக்கிறார். முப்பது பிள்ளைங்க நோட்டை திறந்து வச்சிட்டு காத்திருக்குதுங்க. என்ன எழுதுவார்? இந்த எடத்துல மூணு வாரமா மாட்டிட்டு இருக்கேன்.

#2 கடைசி_பெஞ்சு

48-ன்னு எழுதிட்டு சம்பளத்தை வாங்கிட்டு போவார். இதுல என்ன பாஸ் மூணு வாரம் யோசிக்க இருக்கு. உளவாளின்னா வேஷத்துக்கு ஏத்த மாதிரி பேசணும், அவ்வளவு தான்.

#3 கணக்குப்புலி

பெஞ்சு சொல்றது சரி தான், ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே ஒரு டவுட்டு. இந்த ஆளு குரோமோசோம் வரைக்கும் போகவே மாட்டார், முத வாரமே மாட்டிப்பார். பாக்கெட் கால்குலேட்டர் கடைக்கு வர்றதெல்லாம் 1970-கள்ல. 1950 ஸ்டாஃப் ரூம்ல எவனாவது மார்க் லிஸ்டை கொடுத்து சராசரி போடுங்க சார்னா நம்ம காலத்து ஆளு பேப்பர்ல நீள வகுத்தல் போட்டே வருஷக்கணக்கு ஆயிருக்கும். பக்கத்து சீட்டு கணக்கு வாத்தி லாக் டேபிளை புரட்டி மேன்டிஸ்ஸா பாத்து ஆன்டிலாக் எடுத்து நிமிஷத்துல முடிச்சிருப்பார். நம்ம ஆளு லாக் டேபிளை தலைகீழா புடிச்சிட்டு நிப்பார். இத கதையில வைங்க, நல்லா இருக்கும்.

#4 பாதி_கதை

@கணக்குப்புலி லாக் டேபிள் மேட்டர் சூப்பர், எடுத்துக்கறேன். ஆனா அதெல்லாம் தெரியாததை தெரிஞ்ச மாதிரி காட்டுற கஷ்டம். அத கத்துக்கிட்டா முடிஞ்சுது. எனக்கு உறுத்துறது தெரிஞ்சதை தெரியாத மாதிரி காட்டுறது. அதுலயும் வாத்தியார் வேலையில சும்மா வாயை மூடிட்டு இருக்க முடியாது, தப்புன்னு தெரிஞ்சே வாயால சொல்லணும், அதுவும் குழந்தைங்க கிட்ட.

#5 மேப்பு_பைத்தியம்

அப்ப ஜியாகரபி வாத்தியாரா போயிருந்தா செத்தார். உலக மேப்பை மாட்டின அன்னிக்கே ஏதாவது ஒரு வாண்டு எழுந்து, சார் தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் பக்கத்துல வச்சா ஒட்டிக்கும் போல இருக்கேன்னு கேக்கும். கேக்காத கிளாஸே கிடையாது, நானே கேட்டிருக்கேன். ஆல்ஃபிரட் வெகனர் 1912-லயே கண்டங்கள் நகருதுன்னு சொல்லிட்டார், ஆதாரமும் அடுக்கினார், ஆனா எது நகர்த்துதுன்னு சொல்ல முடியலன்னு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கிண்டல் பண்ணி ஒதுக்கிட்டாங்க. அந்த மனுஷன் 1930-ல கிரீன்லாந்து பனியிலயே போய் சேந்தார். 1960-கள்ல தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. 1950-ல "அது தற்செயல்டா, உக்காரு"ன்னு தான் சொல்லணும். சொல்லும்போது அந்த வாண்டோட மூஞ்சி எப்படி போகும்னு யோசிச்சு பாருங்க.

வானவியல் இன்னும் காமெடி. அன்னைய கணக்குப்படி பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 200 கோடி வருஷம், பாறைய வச்சு கணக்கு போட்டா பூமிக்கு 300 கோடிக்கு மேல. அம்மாவை விட பிள்ளைக்கு வயசு ஜாஸ்தி. எட்வின் ஹப்பிள்ங்கிற வானவியல் விஞ்ஞானி எடுத்த தூரக்கணக்குல இருந்த கோளாறை 1952-ல வால்டர் பாடே திருத்தினப்புறம் தான் அது கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு.

#6 சந்தேகப்_பேர்வழி

@மேப்பு_பைத்தியம் ஆனா உங்க கேசுல தப்பிக்க வழி இருக்கு. "வெகனர்னு ஒருத்தர் ஒட்டும்னு சொன்னார், மத்தவங்க ஒத்துக்கல"ன்னு சொன்னா அது 1950-லயும் உண்மை, நமக்கும் உண்மை. பொய்யே சொல்லாம தப்பிச்சிடலாம். 46 மேட்டர்ல அப்படி ஒருத்தர் இல்லையே?

#7 லேப்கோட்டு

இருக்காரே, அதே பெயின்டர் தான். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க, எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது.

பெயின்டர் 1921-ல முதல்ல எழுதினப்ப, தெளிவா தெரிஞ்ச செல்லுல 46 தான் எண்ண முடிஞ்சுதுன்னும் 46-ஆ 48-ஆன்னு இன்னும் முடிவா தெரியலன்னும் தான் சொல்லியிருந்தார். அப்புறம் 1923-ல 48-ன்னு முடிவு கட்டிட்டார். அவரை திட்டவும் முடியாது, அன்னைக்கு இருந்த முறையில திசுவை மெலிசா சீவி சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்தா குரோமோசோம் எல்லாம் தட்டுல மீந்து போன இடியாப்பம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். எது ஒண்ணு எது ரெண்டுன்னே சொல்ல முடியாது.

முக்கியமான கட்டம் இனிமே தான். 1952-ல டி. சி. ஷூன்னு ஒருத்தர் டெக்சாஸ் லேப்ல செல்லை கழுவுறப்ப கரைசல்ல உப்பு அளவு தப்பா கம்மியா இருந்துச்சு. செல் தண்ணிய குடிச்சு உப்பி குரோமோசோம் எல்லாம் அழகா தனித்தனியா பிரிஞ்சு விழுந்துச்சு. அது வரைக்கும் மனுஷன் யாரும் பாக்காத தெளிவு, எண்ண வேண்டியது தான் பாக்கி. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 48.

கண்ணு முன்னாடி 46 கிடக்கு, வாயில 48 வருது. ஏன்னா ஸ்கூல்ல இருந்து காலேஜ் வரைக்கும் தலையில ஏத்தினது 48. அதனால @கடைசி_பெஞ்சு, "48-ன்னு எழுதிட்டு போ"ங்கிறது நீங்க நினைக்கிற மாதிரி சும்மா ஒரு நம்பர் இல்ல. போர்டுல எழுதற அந்த 48 தான் அடுத்த தலைமுறை கண்ணை மறைக்குது. இந்த கதையில வில்லன்னு ஒருத்தர் இருந்தா அது பயாலஜி வாத்தியார் தான், காலப்பயணியா இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

#8 கடைசி_பெஞ்சு

யப்பா. சரி, வாபஸ் வாங்கிக்கறேன். அப்ப 46-ன்னு எழுதிட வேண்டியது தானே?

#9 ரிட்டயர்டு_டீச்சர்

நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதறது கம்மி. ஆனா இதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல. முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் எடுத்தவ நான்.

46-ன்னு எழுதினா என்ன ஆகும்னு சொல்றேன். பொதுத்தேர்வு பேப்பரை திருத்துறது வேற ஊர் வாத்தியார், அவர் கையில இருக்கிற ஆன்சர் கீயில 48. நம்ம பிள்ளைங்க முப்பது பேரும் 46-ன்னு எழுதுவாங்க, முப்பது பேருக்கும் அந்த மார்க் போகும். ஒரே ஸ்கூல்ல எல்லாரும் ஒரே தப்பு பண்ணியிருந்தா காப்பி அடிச்சதா கூட எழுதி அனுப்பிடுவாங்க. அதுல ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு மார்க்ல தான் பாஸா ஃபெயிலான்னு இருக்கும். அந்த பிள்ளை கிட்ட போய் "இன்னும் ஆறு வருஷத்துல நீ எழுதினது தான் சரின்னு தெரியவரும்மா"ன்னு சொல்லுவாரா உங்க ஹீரோ?

எனக்கு சின்ன அளவுல இந்த அனுபவம் உண்டு. 2006 ஆகஸ்ட்ல புளூட்டோவை கிரகம் இல்லன்னு அறிவிச்சாங்க இல்லையா, அந்த வருஷம் எங்க புத்தகத்துல ஒன்பது கிரகம்னு தான் அச்சாகி இருந்துச்சு. பேப்பர்ல நியூஸ் வந்த மறுநாள் ஒரு பையன் கேட்டான், டீச்சர் எட்டா ஒன்பதான்னு. "உலகத்துக்கு எட்டு, பரீட்சைக்கு ஒன்பது"ன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. அவன் மட்டும் சிரிக்கல. நோட்டுல 9-ஐ அடிச்சு 8 போட்டு, அப்புறம் அதையும் அடிச்சு 9 போட்டான். அந்த பக்கம் ஓட்டையே விழுந்துடுச்சு. இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

#10 பாதி_கதை

டீச்சரம்மா, இத நான் யோசிக்கவே இல்ல. என் ஹீரோவோட மனசாட்சிய பத்தியே மூணு வாரமா யோசிச்சிட்டு இருந்திருக்கேன், பிள்ளைங்க மார்க்கை பத்தி ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. கொஞ்சம் வெக்கமா இருக்கு.

#11 நடுராத்திரி_வாசகன்

தூக்கம் வரல, அதனால வேற ரூட்ல ஒரு கேள்வி. காலப்பயணிங்க ஏற்கனவே வாத்தியாரா வந்துட்டு போயிட்டாங்கன்னு வச்சிப்போம். யார் மேல சந்தேகப்படுவீங்க?

என் ஓட்டு கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கிக்கு. ரஷ்யாவுல கலூகான்னு ஒரு சின்ன ஊர்ல கணக்கு வாத்தியார். சின்ன வயசுலயே காய்ச்சல் வந்து காது போச்சு. 1895-லயே ஈபிள் டவரை பாத்துட்டு வானம் வரைக்கும் கோபுரம் கட்டி விண்வெளிக்கு ஏறலாம்னு எழுதறார், 1903-ல ராக்கெட் சமன்பாட்டோட பேப்பர் போடறார். 1903, விமானமே அந்த வருஷ டிசம்பர்ல தான் பறக்குது! இந்த ஆளு ஸ்கூல் விட்டு வந்து திரவ எரிபொருள் ராக்கெட்டை பத்தி எழுதிட்டு இருக்கார். முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போனது 1957, அவர் இறந்தது 1935.

#12 சந்தேகப்_பேர்வழி

ஹாஹா என் ஏரியா இது. யோஹான் பால்மர். சுவிட்சர்லாந்துல பாசல்ங்கிற ஊர்ல பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். அறுபது வயசு வரைக்கும் இயற்பியல்ல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே பண்ணல. 1885-ல திடீர்னு ஹைட்ரஜன் வெளிச்சத்தை பிரிச்சா தெரியற நாலு நிறக்கோட்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு குட்டி ஃபார்முலா வெளியிடறார், அடுத்த கோடு எங்க வரும்னும் சொல்றார், வந்துது. ஏன் அப்படின்னு யாருக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. 28 வருஷம் கழிச்சு 1913-ல நீல்ஸ் போர் வந்து தான் அணுவுக்குள்ள என்ன நடக்குதுன்னு விளக்கறார். விடைய மட்டும் பின் பக்கத்துல பாத்து எழுதிட்டு ஸ்டெப்ஸ் போடாம விட்ட பையன் மாதிரி இல்ல?

பட்டாணிச் செடிய வச்சு பரம்பரை விதிய கண்டுபிடிச்ச மெண்டலும் இருக்கார், சப்ஸ்டிட்யூட் டீச்சரா இருந்தவர். வாத்தியார் தகுதித் தேர்வுல ரெண்டு தடவ கோட்டை விட்டவர், ஒரு தடவ பயாலஜியிலயும் சேத்து. எதிர்காலத்து பதிலை எழுதியிருப்பாரோ என்னவோ, திருத்தினவருக்கு புரியல.

#13 கணக்குப்புலி

நீங்க எல்லாரும் கண்டுபிடிச்சவங்களையே புடிச்சிட்டு இருக்கீங்க. புத்திசாலியான காலப்பயணி தன் பேர்ல எதையும் வெளியிட மாட்டான். அந்த கணக்குல பாத்தா ஒருத்தர் தான் தேறுவார், மார்ட்டின் பார்ட்டெல்ஸ்.

பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. 1780-கள்ல ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல ஒரு ஸ்கூல்ல உதவி வாத்தியார். பெரிய வாத்தியார் பேர் பியூட்னர். பேனாவுக்கு இறகு சீவிக் கொடுக்கறதும் சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கறதும் தான் பார்ட்டெல்ஸுக்கு வேலை. அந்த கிளாஸ்ல ஒரு கொத்தனார் பிள்ளை இருந்தான், பேர் காஸ், பின்னாடி பெரிய கணித மேதை. ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் கூட்டுன்னதும் ஸ்லேட்டை தட்டுனு வச்சதா சொல்ற அதே காஸ் தான். அவனை விட எட்டு வயசு மூத்தவர் பார்ட்டெல்ஸ், உக்கார வச்சு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்து மேல தள்ளிவிட்டதுல அவருக்கு பங்கு உண்டு.

சரி, அதோட நின்னாரா? இருபது வருஷம் கழிச்சு ஆயிரம் மைலுக்கு மேல தாண்டி ரஷ்யாவுல கசான் யுனிவர்சிட்டிக்கு போய் சேர்றார். அங்க அவர் கிளாஸ்ல உக்காந்திருந்த பையன் லோபசெவ்ஸ்கி. ஸ்கூல்ல படிக்கிற யூக்ளிட் ஜியாமெட்ரிய தாண்டின புது ஜியாமெட்ரிய காஸ் தனியா யோசிச்சு வெளிய சொல்லாம வச்சிருந்தார், லோபசெவ்ஸ்கி 1829-ல பகிரங்கமா அச்சுல போட்டார். ரெண்டாயிரம் வருஷமா யாரும் தொடாத கதவை திறந்தவங்கள்ல ரெண்டு பேருக்கு, வேற வேற ஊர்ல, வேற வேற காலத்துல, ஒரே வாத்தியார். அவர் பேர்ல பெருசா எந்த தேற்றமும் கிடையாது. வந்தார், ரெண்டு பையனை பாத்தார், போயிட்டார்.

(வரலாற்று ஆளுங்க இத தற்செயல்னு தான் சொல்றாங்க. காஸுக்கு அந்த யோசனை முதிர்ந்தது பார்ட்டெல்ஸ் பிரிஞ்சு போனதுக்கு அப்புறம், அதனால அவர் வழியா அது கசானுக்கு போயிருக்க வாய்ப்பு கம்மின்னு. சரியான வாதம் தான். ஆனா காலப்பயணிக்கு அந்த வாதம் செல்லாதே!)

#14 நடுராத்திரி_வாசகன்

புலி, இத படிச்சிட்டு எனக்கு சுத்தமா தூக்கம் போச்சு.

#15 லேப்கோட்டு

ஜாலியா போயிட்டு இருக்கு, நான் கொஞ்சம் கெடுக்கறேன், மன்னிச்சுக்கங்க. நம்ம காலத்து ஆளு 1950 கிளாஸ் ரூமுக்குள்ள போறதே ஆபத்து. அவருக்கு மட்டும் இல்ல, பிள்ளைங்களுக்கும்.

முதல்ல அவருக்கு. பெரியம்மை இயற்கையா வந்த கடைசி கேஸ் 1977-ல சோமாலியாவுல, ஒழிஞ்சதா அறிவிச்சது 1980-ல. அதுக்கப்புறம் பொறந்த ஆளுக்கு அம்மை குத்தின தழும்பே இருக்காது. 1950-ல ஸ்கூல்ல சேர்ற அன்னிக்கே கையை காட்டச் சொன்னா மாட்டினார். காட்டச் சொல்லாம விட்டா அதை விட மோசம்.

அடுத்தது பிள்ளைங்களுக்கு. நம்ம உடம்புல சாதாரண சளியா சுத்துற ஃப்ளூ வகை ஒண்ணு 1968-ல தான் உலகத்துக்கே வந்துச்சு, ஹாங்காங் ஃப்ளூன்னாங்க. அதை 1950 கிளாஸ்ல ஒரு தும்மல்ல விட்டா அந்த ஊர்ல யாருக்கும் எதிர்ப்பு சக்தி இருக்காது. இது சும்மா கற்பனைன்னு நினைக்காதீங்க, திருப்பி நடந்த கதை இருக்கு. 1977-ல ஒரு ஃப்ளூ திடீர்னு கிளம்பி உலகம் பூரா பரவிச்சு. எடுத்து பாத்தா 1950 வாக்குல சுத்தின வைரஸோட அச்சு அசலா ஒத்துப் போகுது. வைரஸ் வருஷா வருஷம் மாறிட்டே இருக்கணும், இது மட்டும் இருபத்தி சொச்சம் வருஷம் மாறாம தூங்கிட்டு எழுந்த மாதிரி வந்து நின்னுச்சு. எங்கயோ ஃப்ரீசர்ல இருந்து, லேப் மூலமாவோ தடுப்பூசி சோதனை மூலமாவோ வெளிய வந்திருக்கும்னு தான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படறாங்க. யாருக்கு வந்துச்சு தெரியுமா? பெரும்பாலும் 26 வயசுக்கு கீழ. பெரியவங்க எல்லாம் சின்ன வயசுலயே அதை பாத்துட்டாங்க, தப்பிச்சாங்க. ஸ்கூல் பிள்ளைங்க தான் மாட்டினாங்க. நெஜமாவே காலப்பயணம் பண்ணின ஒரே ஆசாமி அந்த வைரஸ் தான்னு நான் சொல்லுவேன், அதுவும் நேரா ஸ்கூலுக்கு தான் போயிருக்கு.

#16 கடைசி_பெஞ்சு

ஆக ஹீரோ முத நாளே தும்மி கிளாஸையே காலி பண்றார். முற்றும். 😂

#17 பாதி_கதை

@லேப்கோட்டு ரெண்டு மாசம் தனியா ஒரு ரூம்ல அடைஞ்சு இருந்துட்டு தான் ஸ்கூலுக்கு வர்றார்னு ஒரு வரி போட்டுடறேன். அம்மை தழும்பு நல்ல ஐடியா, கிளம்பறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கிட்டு தழும்போட போறார்.

ஒரு சின்ன சபலம் சொல்லவா? ஹெட்மாஸ்டருக்கு அல்சர்னு ஒரு சீன் வச்சிருக்கேன். கவலைப்படாதீங்க சார், காரம் சேக்காதீங்க, பாலை குடிங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அல்சருக்கு பெரும்பாலும் பாக்டீரியா தான் காரணம்னு ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டுபிடிச்சது 1980-கள்ல. என் ஆளு எதிர் சீட்ல உக்காந்து அந்த மனுஷன் வயித்தை புடிச்சிட்டு பால் குடிக்கறதை தினமும் பாக்கறார். சொல்லவும் முடியல.

#18 சந்தேகப்_பேர்வழி

அந்த சீன் 46-ஐ விட வலிக்குதே.

தெரிஞ்சதை சொல்லி மாட்டின நெஜ வாத்தியார் ஒருத்தர் இருக்கார். 1925, டென்னசி மாநிலம் டேட்டன்ல ஜான் ஸ்கோப்ஸ். பரிணாமம் சொல்லிக் கொடுத்தார்னு கேஸ், 100 டாலர் அபராதம். அப்புறம் நடைமுறை கோளாறுன்னு தீர்ப்பு ரத்தாச்சு, ஆனா சட்டம் 1967 வரைக்கும் அப்படியே இருந்துச்சு. வேடிக்கை என்னன்னா அவர் வச்சிருந்த பாடப்புத்தகத்துலயே பரிணாமம் இருந்துச்சு, அரசு அனுமதிச்ச புத்தகம். புத்தகத்தை நடத்தினா அபராதம், நடத்தாட்டி இன்ஸ்பெக்ஷன்ல திட்டு.

பொண்ணா இருந்தா இன்னொரு தொல்லை. இங்கிலாந்துல 1944 சட்டம் வர்ற வரைக்கும் பல எடத்துல கல்யாணம் ஆனா டீச்சர் வேலை போயிடும். காலப்பயணி மோதிரத்தை கழட்டி வச்சிட்டு தான் போகணும்.

#19 கணக்குப்புலி

எனக்கு இன்னும் ஒரு ஓட்டை தெரியுது. அவர் 46-ன்னு சொல்லி அது பரவி, ஒரு பிள்ளை 1952-லயே எண்ணி வெளியிட்டுட்டா அப்புறம் நாம படிச்ச 1956 எங்க போகும்? 1949-லயே கர்ட் கோடெல் ஐன்ஸ்டீன் சமன்பாட்டுலயே காலத்துல திரும்பி வர்ற பாதை இருக்க முடியும்னு கணக்கு போட்டு காட்டினார், ஆனா அந்த மாதிரி பிரபஞ்சம் நம்மளது இல்ல. ஹாக்கிங் 2009 ஜூன் 28-ம் தேதி காலப்பயணிகளுக்கு பார்ட்டி வச்சிட்டு அழைப்பிதழை அதுக்கப்புறம் தான் வெளியிட்டார். ஒரு ஈ காக்கா வரல.

#20 கடைசி_பெஞ்சு

எல்லாரும் பேப்பர் திருத்திட்டு இருந்திருப்பாங்க.

#21 ரிட்டயர்டு_டீச்சர்

நேத்து ராத்திரி இதையே யோசிச்சிட்டு இருந்தேன். எனக்கு ஒரு வழி தோணுது, சரியா வருமான்னு பாருங்க.

நான் எட்டாங்கிளாஸ்ல அளவெடுக்கறதுல வர்ற பிழைய பத்தி சொல்ல ஒரு விளையாட்டு வைப்பேன். தைக்கிற நூலை சின்ன சின்ன துண்டா வெட்டி ஒரு கண்ணாடித் தட்டுல கொட்டி, தொடாம கண்ணாலயே எண்ணச் சொல்லுவேன். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கும், சிலது வளைஞ்சு ரெண்டு மாதிரி தெரியும். ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க. ஒரு வருஷம் தெரியாத்தனமா எண்ணிக்கைய பாதி கிளாஸுக்கு முன்னாடியே உளறிட்டேன். அதுவும் ரெண்டு கூட்டி தப்பா சொல்லிட்டேன். நம்ப மாட்டீங்க, அந்த பாதி கிளாஸ்ல முக்கால்வாசி பேர் நான் சொன்ன தப்பு நம்பரையே எண்ணி காட்டினாங்க. பொய் சொல்லல, உண்மையாவே விரல் வச்சு எண்ணினாங்க. மீதி பாதி கிளாஸ் தான் நெஜத்துக்கு பக்கத்துல வந்துச்சு.

லேப்கோட்டு தம்பி சொன்ன டெக்சாஸ் கதைய படிச்சதும் எனக்கு அது தான் ஞாபகம் வந்துச்சு. உங்க ஹீரோ போர்டுல 48-ன்னே எழுதட்டும், பரீட்சைக்கு அது வேணும். ஆனா அடுத்த பீரியட் நூலை வெட்டி கொட்டட்டும். குரோமோசோம்னு சொல்லவே வேணாம்.

#22 லேப்கோட்டு

டீச்சரம்மா, உங்க கிளாஸ்ல நான் படிக்காம போயிட்டேனே!

#23 பாதி_கதை

நாலு நாள் காணாம போயிட்டேன், எழுதிட்டு இருந்தேன். இன்னும் செதுக்கணும், ஆனா உங்களுக்கு தான் முதல்ல காட்டணும்னு தோணிச்சு.

---

"மனித உடல் செல்லில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை" என்று எழுதி, சமக்குறி போட்டு, 4 போட்டார். சாக்பீஸ் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கூட இருக்காது. அப்புறம் 8 போட்டார். வளைவு சரியாக வரவில்லை, மேல் வட்டம் மூடாமல் 6 மாதிரி நின்றது. அதை மூடினார்.

இருபத்தொன்பது பேனாக்கள் 48 என்று எழுதின. மூன்றாவது வரிசையில் ஒரு பேனா எழுதவில்லை.

"சார், மொதல்ல வேற ஏதோ எழுத வந்தீங்க."

"இல்லம்மா. சாக்பீஸ் வழுக்கிடுச்சு."

மறுநாள் கடைசி பீரியடில் கண்ணாடித் தட்டில் கறுப்பு நூல் துண்டுகளைக் கொட்டி மேசை மேல் வைத்தார். கத்தரிக்கோலால் அவரே ராத்திரி வெட்டியது, மூன்று தடவை எண்ணியது. தொடாமல் எண்ணுங்கள் என்றார். நாற்பத்தொன்று என்றார்கள், ஐம்பது என்றார்கள், ஒருவன் நாற்பத்தெட்டு என்றான். உடனே பாதி கிளாஸ் நாற்பத்தெட்டு என்றது. நேற்றுப் பாடத்தில் வந்த நம்பர் என்பதால் ஒரு சந்தோஷம்.

மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். மூன்றாவது வரிசைப் பெண் மட்டும் தட்டின் முன்னால் நின்று, தலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, ஒவ்வொரு நூலாக ஓரத்துக்குத் தள்ளினாள். உதடு அசைந்தது. முடித்தாள். திரும்ப நடுவில் குவித்து மறுபடி முதலில் இருந்து தள்ளினாள்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாப்பத்தாறு தான் சார் இருக்கு" என்றாள். அப்புறம் முகம் சுருங்க, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டி போட்டாள். "ரெண்டு கீழ விழுந்துடுச்சு போல. இருங்க சார், தேடித் தர்றேன்."

பெஞ்சுக்கு அடியில் அவள் கை துழாவியது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் குனிந்து தேடினார்.

---

#24 நடுராத்திரி_வாசகன்

ஐயோ. ரெண்டு நூல் கீழ விழுந்துடுச்சாம்.

#25 லேப்கோட்டு

டெக்சாஸ்ல நடந்தது இதே தான். 😔 பாவம், அவரும் அந்த ரெண்டை தேடியிருப்பார்.

#26 கடைசி_பெஞ்சு

நல்லா இருக்கு தல. முதல்ல வாய் விட்டதுக்கு சாரி. அந்த ஹெட்மாஸ்டரை மட்டும் ஏதாவது பண்ணி காப்பாத்துங்க.

#27 ரிட்டயர்டு_டீச்சர்

நல்லா வந்திருக்குப்பா. ஒரே ஒரு திருத்தம். 1950 கிளாஸ்ல பிள்ளைங்க உக்காந்த எடத்துல இருந்தே "சார் வேற ஏதோ எழுத வந்தீங்க"ன்னு கேக்க மாட்டாங்க. எழுந்து நிக்கும், கை கட்டும், வாத்தியார் என்னன்னு கேட்டதுக்கு அப்புறம் தான் வாய் திறக்கும். அத மட்டும் மாத்திடுங்க.